ஒரு மூலை காய்ந்த மண்

நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்பாடு நடக்கும். தேயிலைக்காரர்கள் கொழுந்து கருகாமல் இருக்கப் பெரணித் தழையை வெட்டிச் செடிமேல் போடுவார்கள். கேரட் போட்டவர்கள் விடிந்தும் விடியாமலும் ஸ்பிரிங்ளரைத் திறந்து பனியைக் கழுவி விடுவார்கள். கன்றுக்குட்டிக்குச் சாக்கு, குழந்தைக்குக் குல்லா, தாத்தாவுக்குக் கணப்புச் சட்டி. கோழிக்கு? கூண்டுக் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்துவோம். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவோம். அக்கறை கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் ஒரு குண்டு பல்பு மாட்டுவார்கள். அத்தோடு கடமை முடிந்தது.

கோத்தகிரி வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லைன் வீடுகளுக்கும் ஹட்டி எனும் மலைக் கிராமங்களுக்கும் ஏறி இறங்கியதில் ஒன்றை நிச்சயமாகச் சொல்ல முடியும். மலைக் குளிர் தானாக ஒரு கோழியைக் கொன்று நான் பார்த்ததில்லை. ஈரம் கொன்று பார்த்திருக்கிறேன். பேனும் செள்ளும் பிடித்து, ரத்தம் வற்றி, கொண்டை வெளுத்து, அடுத்து வந்த நோயைத் தாங்க முடியாமல் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: தீவனம், தண்ணீர், தடுப்பூசி என்ற வரிசையில் நான்காவதாக, கோழி புரண்டு குளிக்க ஒரு மூலை காய்ந்த மண்ணையும் சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் அதைக் கோழியே தேடிக்கொள்ளும். குளிர்காலத்தில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

பதினோரு மணிக் குளியல்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூரை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், கோழிகளுக்கு ஒரு புழுதிக் குழி உண்டு. வெயில் ஏறிப் பதினோரு மணி வாக்கில் செம்பட்டை நிற வெடை ஒன்று முதலில் வந்து நிற்கும். காலால் மண்ணை நாலு கீறு கீறும். அலகால் புழுதியைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்துக் குவிக்கும். அப்படியே குந்தும். உடம்பிலுள்ள இறகெல்லாம் சிலிர்த்துக்கொள்ள, இரண்டு இறக்கையையும் படபடவென்று அடித்து, காலால் உதைத்து, புழுதியை முதுகுக்கு மேல் எழுப்பும். எழும்பிய புழுதி இறகு இடுக்கு வழியே தோல்வரை இறங்கும். பிறகு ஒரு பக்கமாகச் சாயும். கழுத்தை நீட்டி மண்ணில் தேய்க்கும். ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், கண் பாதி செருகிவிடும். ‘கோழிக்கு வலிப்பு வந்துருச்சு, ஓடி வாங்க’ என்று புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் என்னைக் கூப்பிட்டதுண்டு. இருபது முப்பது நிமிடம் இந்தக் கூத்து நடக்கும். கடைசியில் எழுந்து நின்று ஒரே உதறல். ஒரு புகை கிளம்பும். அவ்வளவுதான், குளியல் முடிந்தது. வாய்ப்பிருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் உச்சிப் பொழுதை ஒட்டி, கோழி இப்படிக் குளித்துவிடும்.

இது விளையாட்டல்ல. கோழியின் வால் மேட்டில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. கறி வெட்டும்போது நாற்றம் என்று நாம் அறுத்து எறிவோமே, அதுதான். அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்வது கோழியின் அன்றாட வேலை. இறகு வெடிக்காமல், தண்ணீர் ஒட்டாமல் இருக்க எண்ணெய் வேண்டும். ஆனால் நாள்பட்ட எண்ணெய் பிசுபிசுத்துப் போகும், அடி இறகை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். நமக்குச் சீயக்காய் செய்கிற வேலையைக் கோழிக்குப் புழுதி செய்கிறது. பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்து உதறலில் வெளியே தள்ளுகிறது.

குளிரோடு இதற்குள்ள தொடர்பு இங்கேதான். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர் அடிக்கும்போது அந்தச் சூட்டைக் காப்பது தோலை ஒட்டியுள்ள பஞ்சு இறகு. அதிலும், பஞ்சு இறகுகளுக்கு நடுவே சிறைப்படும் காற்றுதான் உண்மையான போர்வை. இறகு உப்பி நின்றால் காற்று தங்கும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிப் படிந்துவிட்டால் தங்காது. கோழி ‘உப்பிக்கொண்டு’ உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் அது உப்ப முடிய வேண்டுமானால் இறகு சுத்தமாக இருந்தாக வேண்டும். குளிர்காலத்தில் குளியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: குளிர்காலத்தில்தான் அது அதிகம் வேண்டும்.

புழுதிக்கு ஏது பஞ்சம்?

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேடிக்கையாக இருக்கும். மண்ணுக்கா பஞ்சம்? மலையில் பஞ்சம்தான்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். எங்கள் மண் சிவப்பு, களிப்பிடிப்பு அதிகம். நனைந்தால் செருப்பில் அப்பி வரும், காய்ந்தால் கட்டியாகும், லேசில் தூளாகாது. மழை ஓய்ந்ததும் மேகமூட்டம். அதுவும் விலகி வானம் தெளிந்தால் இரவில் உறைபனி, காலையில் அது உருகித் தரையெல்லாம் சொதசொதப்பு. மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தாலும் மேல்மண் காய்வதற்குள் மறுபடி பனி இறங்கிவிடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, கூரையில்லாத இடத்தில் கோழி புரளும் அளவுக்குக் காய்ந்த புழுதி கிடைப்பது அரிது. மலையில் ஆற்று மணலும் இல்லை. கீழிருந்து லாரியில் ஏறி வருவதுதான் மணல்.

காட்டுக்கோழி இந்தச் சிக்கலுக்குத் தானே வழி கண்டிருக்கிறது. எங்கள் தேயிலைக் காடுகளின் ஓரத்தில் சாம்பல் நிறக் காட்டுக்கோழிகளைப் பார்க்கலாம். நம் வீட்டுக்கோழி சிவப்புக் காட்டுக்கோழியின் வம்சம் என்றாலும், அதன் மஞ்சள் கால் நிறத்துக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, எங்கள் மலைக் காட்டுக்கோழிகள் வீட்டுக்கோழிக்குத் தூரத்துச் சொந்தம்தான். மழை மாதங்களிலும் அவை குளிக்காமல் இருப்பதில்லை. பாதைக்காக மண்ணை வெட்டிய மேட்டின் அடியில், வேர் தொங்கும் இடுக்கில், சாரல் படாத ஒரு கை அகல இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய்ப் புரண்டுவிட்டு வரும். குழி குழியாக அந்தத் தடத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்டால் காட்டுவார்கள்.

வீட்டுக்கோழிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மேகமூட்டத்தில் கீரியும் காட்டுப்பூனையும் வாசல்வரை வரும். சிறுத்தை நாயை மட்டும் தூக்குவதில்லை, கூண்டையும் முட்டிப் பார்க்கும். அதனால் மழை மாதங்களில் கோழியைத் திறந்துவிட எவருக்கும் மனம் வராது. திறந்துவிட்டாலும் போக இடம் எங்கே? முன்பு மண் தரையாக இருந்த களம் இப்போது சிமென்ட். முன்பு விறகடுப்புச் சாம்பலைக் கொல்லையில் ஒரு மூலையில் கொட்டுவோம், கோழிகள் அதில்தான் கிடக்கும். யாரும் கோழிக்கென்று திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனாலும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பு வந்தது நல்லதுதான். புகையில் கண் எரிந்த தலைமுறை நான், அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்போடு சாம்பல் மேடும் போனது. போனதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

இறக்கையைத் தூக்கினால் தெரியும்

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரி வாக்கில் நடக்கும். வளர்ந்த கோழிக்கு இறக்கையின் அடியில், தோலுக்குக் கீழே அரை மில்லி மருந்து ஏற்ற வேண்டும். அதற்காக இறக்கையைத் தூக்கும்போது அந்த வீட்டுக் கோழியின் நான்கு மாதக் கதை தெரிந்துவிடும். புழுதி கிடைத்த கோழியின் தோல் வெளிர் நிறத்தில் உலர்ந்து இருக்கும், இறகு விரலுக்கு வழுக்கிக்கொண்டு பிரியும். கிடைக்காத கோழியின் இறகு பிசுக்கென்று ஒட்டும். ஆசனவாயைச் சுற்றிப் பார்த்தால் இறகின் அடித்தண்டில் அரிசி நொய் அப்பியதுபோல் வெள்ளையாகப் பேன் முட்டை. சில கோழிகளில் அந்த இடத்து இறகே கறுத்து அழுக்கடைந்திருக்கும். அது செள்ளின் வேலை. ஊசி போட்டு முடிப்பதற்குள் என் முழங்கைவரை ஊர ஆரம்பித்துவிடும்.

‘டாக்டரம்மா, இதுக்கு முட்டைக்கு ஒரு ஊசி போட்டு விடுங்களேன். தீனி தின்னுது, முட்டைதான் விட மாட்டேங்குது’ என்று ஒரு பாட்டி கேட்டார். (ஊசியோடு போகிற எல்லோருமே ஊரில் டாக்டர்தான்.) ‘முட்டைக்கு ஊசி இல்ல பாட்டி. கோழி குளிச்சு எத்தன நாளாச்சு?’ என்றேன். ‘இந்தக் குளிர்ல அதைக் குளிப்பாட்டுனா செத்துப் போயிராதா?’ என்று என்னைத் திட்டினார். தண்ணீரில் அல்ல, மண்ணில் என்று விளக்கியதும், ‘அட, அது தானா குளிக்குமே’ என்றார். பிறகு தம் வாசலைத் தாமே ஒரு சுற்றுப் பார்த்தார். சிமென்ட் தளம், அதைத் தாண்டிக் கழிவுநீர் ஓடை, அதைத் தாண்டி நனைந்த தேயிலைக் காடு. ‘எங்க குளிக்கும்?’ என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டிசம்பரில் முட்டை குறைவதற்குப் பேன் மட்டுமே காரணம் இல்லை. பகல் 12 மணி நேரத்துக்கும் கீழே சுருங்குகிறது. கோழியின் முட்டைக் கணக்கு வெளிச்சத்தை வைத்து நடப்பது. இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் பருவம் சேர்ந்துகொண்டால் இன்னும் குறையும். குளிரைத் தாங்கவே தீனியில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் இவற்றில் பாதி நம் கையில் இல்லை. ரத்தம் உறிஞ்சும் செள்ளுக்கும் தோலை அரிக்கும் பேனுக்கும் இரையாகும் பங்கு மட்டும் நம் கையில் இருக்கிறது. கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும் செள்ளு வகையொன்று குளிர்ந்த பருவத்தில்தான் பெருகும் என்பது கோழி மருத்துவம் படித்தவர்கள் அறிந்த செய்தி. புழுதி கிடைக்காத மாதமும் செள்ளு பெருகும் மாதமும் ஒன்றாக வருவதுதான் கோழியின் போதாத காலம்.

புழுதி இதற்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மணல் பெட்டியில் கந்தகத் தூள், கயோலின் களிமண், டயட்டம் மண் இவற்றில் ஒன்றைக் கலந்து கோழிகளுக்கு வைத்தார்கள். பெட்டியில் இறங்கிப் புரண்ட கோழிகளின் மேலிருந்த செள்ளும் பேனும் ஒரு வாரத்தில் 80 முதல் 100 சதவீதம் வரை குறைந்தன. அது தூள் கலந்த பெட்டி. வெறும் மண் அதே வேகத்தில் வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். கூண்டுப் பலகையின் விரிசலில் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் மட்டும் ஏறிக் கடிக்கும் சிவப்புச் செள்ளுக்குப் புழுதி போதாது. அதற்குக் கூண்டைத்தான் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆனால் உடம்பிலேயே தங்கும் பேனைக் கட்டுக்குள் வைக்கக் அலகால் கோதுவதோடு கோழிக்கு இயற்கை கொடுத்த முக்கியக் கருவி இந்தக் குளியல்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு மருந்து தேடி ஓடுவது என்ன புத்தி?

தோட்டத்து மருந்து கோழிக்கு வேண்டாம்

மருந்து என்றதும் எங்கள் ஊரில் கை நீள்வது எங்கே என்று எனக்குத் தெரியும். உருளைக்கும் முட்டைக்கோஸுக்கும் அடித்த பூச்சிமருந்து மிச்சம் ஏதாவது வீட்டில் இருக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து கோழியை முக்கி எடுப்பார்கள், அல்லது தூளை இறகில் தூவுவார்கள். பேன் சாகும். சில சமயம் கோழியும் சாகும். பிழைத்த கோழி அலகால் இறகைக் கோதும்போது அந்த விஷம் வாய் வழியே உள்ளே போகும், அங்கிருந்து முட்டைக்கு வரும். அந்த முட்டையைத்தான் ‘நாட்டுக்கோழி முட்டை, பிள்ளைக்குச் சத்து’ என்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்போம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் முட்டைப் பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்கப் பயன்படுத்திய கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்தது. உணவுக்கான விலங்குகள்மீது பயன்படுத்த அங்கே தடைசெய்யப்பட்ட மருந்து அது. பல நாடுகளின் கடைகளிலிருந்து லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்ப எடுத்தார்கள், பண்ணைகளை மூடினார்கள். அத்தனை சோதனைக்கூடங்கள் இருக்கும் நாடுகளிலேயே அது நடந்தது. எங்கள் ஊர் முட்டையை யார் சோதிக்கப் போகிறார்கள்?

செய்வது எப்படி

செலவில்லாத காரியம் இது. ஆனால் முன்யோசனை வேண்டும். மழை பிடித்த பிறகு புழுதி தேடிப் பயனில்லை. மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்து கிடக்கும்போது மேல்மண்ணை வாரி, கல்லும் வேரும் போகச் சலித்து, இரண்டு மூன்று சாக்கில் கட்டிக் கூரைக்கடியில் போட்டுவிட வேண்டும். விதை உருளையை எடுத்து வைக்கிற வீட்டுக்கு இது பெரிய வேலையா?

லாரியின் பழைய டயர் ஒன்று போதும். நாலைந்து கோழிக்கு அது தாராளம். டயர் கிடைக்காவிட்டால் பலகைப் பெட்டி, விரிசல் விட்ட சிமென்ட் தொட்டி எதுவானாலும் சரி. ஒரு கோழி இறக்கையை விரித்துப் புரளும் அகலமும், மண் ஒரு சாண் ஆழமும் இருக்க வேண்டும். விளிம்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் மண் வெளியே சிதறாது. சலித்த மண் இரண்டு பங்கு, கிடைத்தால் மணல் ஒரு பங்கு, விறகுச் சாம்பல் ஒரு பங்கு. குளிருக்காகக் கணப்பு மூட்டும் வீடுகளில் சீகை விறகின் சாம்பல் இன்னும் கிடைக்கிறது. அதை நன்றாக ஆறவிட்டு, கரித்துண்டு போகச் சலித்துச் சேர்க்கலாம். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பல், பெயின்ட் அடித்த பலகையின் சாம்பல் வேண்டவே வேண்டாம். சாம்பல் நனைந்தால் காரமாகி, காலையும் தோலையும் அரித்துவிடும். அதனால் நனைந்த கலவையை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். சுண்ணாம்பு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கோழியின் கண்ணையும் தோலையும் வெந்துபோகச் செய்துவிடும். தொடக்கூடாது.

இடம் முக்கியம். கூண்டுக்குள்ளேயே, ஆனால் கோழி அடையும் கம்புக்கு நேர் கீழே வேண்டாம். ராத்திரி எச்சமெல்லாம் அதில் விழும். மத்தியான வெயில் சாய்ந்து உள்ளே வரும் பக்கமாக வையுங்கள். வெளிச்சமும் இளஞ்சூடும் பட்டால்தான் கோழிக்குக் குளிக்கும் நினைப்பே வரும். கூரையில் ஒரு தகடை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் ஷீட் போட்டவர்கள் வீட்டில், வெயில் விழும் சதுரத்தில்தான் கோழிகள் வரிசையில் நிற்கும். வாரம் ஒருமுறை எச்சத்தைப் பொறுக்கிவிட்டு மண்ணைக் கிளறிவிட்டால் போதும். சமவெளியில் வேப்பிலைத் தூள் சேர்ப்பார்கள். எங்கள் உயரத்தில் வேம்பு வளராது. கீழிருந்து வரும்போது ஒரு பை கொண்டுவந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

இன்னொன்று. குளிர் என்று கூண்டைப் பிளாஸ்டிக்கால் காற்றுப் புகாமல் மூடுவதை முதலில் நிறுத்துங்கள். கோழியின் மூச்சும் எச்சமும் விடும் ஈரம் வெளியேற வழியில்லாமல் விடிந்ததும் தாளின் உட்புறம் சொட்டும். எச்ச நெடி கண்ணைக் கரிக்கும். அந்தக் கூண்டில் எந்தப் புழுதியும் இரண்டு நாள் தாங்காது. கோழியின் உடம்பில் நேரடியாகக் காற்று அடிக்காதபடி கீழே மறைத்து, மேலே கூரையை ஒட்டி இடைவெளி விட வேண்டும்.

ஆட்சேபங்கள்

கால்நடைத் துறையில் என்னோடு வேலை பார்த்த சிலரே இதற்கு முகம் சுளிப்பார்கள். மூடிய கூண்டில் புழுதி பறந்தால் கோழிக்குச் சளி பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. மாவுபோல நைந்த தூளை மட்டும் நிரப்பி, காற்றோட்டமும் இல்லையென்றால் மூச்சுக்குழாய் கெடும், கூண்டுக்குள் போகும் மனிதருக்கும் கெடுதல். அதனால்தான் மண்ணும் மணலும் கலக்கச் சொல்கிறேன், மேலே காற்று போக வழிவிடச் சொல்கிறேன். புழுதியால் வரும் தும்மலுக்குப் பயந்து பேனை வளர்ப்பது தீர்வாகாது.

இரண்டாவது வாதம் பறவைக் காய்ச்சல். 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் ஆலப்புழையில் அது தலைகாட்டியபோது, கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மாவட்டச் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கோழியை வெளியே விடக்கூடாதுதான். காட்டுப் பறவைகள் வந்து புரளும் திறந்தவெளிக் குழி அப்போது ஆபத்து. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கோழியை உள்ளே வை என்று சொல்லும்போதே, மேலே வலை போட்ட, கூரையுள்ள குளியல் தொட்டியையும் உள்ளே வை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, ‘கோழிக்கு இவ்வளவு உபசாரமா?’ என்பவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பி வலைக் கூண்டில் அடைத்த முட்டைக்கோழிக்கு மண்ணே கிடையாது. ஆனாலும் அது தீவனத் தொட்டியின் ஓரத்தில் கம்பிமேல் படுத்து, தீவனத்தை அலகால் இழுத்து, இல்லாத புழுதியை இறக்கையால் அடிக்கும். கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொரித்த சில நாளில் குஞ்சு தொடங்குகிற பழக்கம் அது, கூண்டு அதை அழிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டுகளைத் தடைசெய்தபோது, கூண்டில் வைத்தாலும் கொத்திக் கிளறத் தூள் படுகை இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. நாமோ கூண்டுக் கோழியைப் பழித்துவிட்டு, ‘எங்களுடையது மண்ணில் மேயும் நாட்டுக்கோழி’ என்று கூடுதல் விலை வைக்கிறோம். வருடத்தில் நான்கைந்து மாதம் அது மண்ணையே தொடவில்லையென்றால் அந்த விலைக்கு நமக்கு என்ன தகுதி?

யார் என்ன செய்ய வேண்டும்

250 நாட்டுக்கோழி வளர்க்கக் கொட்டகைக்கும் தீவனத்துக்கும் தமிழக அரசு 50 சதவீத மானியம் தருகிறது. வரவேற்கிறேன். கொட்டகைக்கு நீளம், அகலம் பார்ப்பவர்கள், மலை மாவட்டங்களில் கூரைக்கடியில் காய்ந்த மண் படுகை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பயனாளிகளுக்கு நடக்கும் பயிற்சியில் அடைகாப்புக் கருவிக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் பங்கு இதற்குப் போதும். மகளிர் குழுக்கள் கோடையில் மண் சலித்துக் கட்டி வைத்து, மழைக்காலத்தில் வேண்டியவர்களுக்கு விற்கலாம். கடையில் பூந்தொட்டி மண் விலைக்குப் போகிறதே, இது ஏன் போகாது? ரெடிமேட் கூண்டு செய்து விற்பவர்கள், அடியெல்லாம் கம்பியாக அடிக்காமல் ஒரு மூலையில் தட்டு வைத்துத் தரட்டும். தோட்டத்து லைன் வீடுகளைப் புதுப்பிக்கும்போது முற்றம் முழுவதற்கும் சிமென்ட் ஊற்றாமல், கூரைத் தாழ்வாரத்தில் நாலடி மண் தரையை விட்டு வைக்கலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை கோழி வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சல்லடை, இரண்டு சாக்கு. என் பின்னால் இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமில் ஊசி போட இறக்கையைத் தூக்கும்போது தோலைப் பாருங்கள். ‘தீவனம் என்ன போடறீங்க?’ என்று கேட்ட கையோடு, ‘புழுதி எங்க வெச்சிருக்கீங்க?’ என்றும் கேளுங்கள்.